சாரணர் அணிமுறை

சாரணர் இயக்கம் என்றதும் முடிச்சும் விசிலும் ஸ்கார்ஃபும்தான் பலருக்கும் நினைவு வரும். அதன் உயிர்நாடி அணிமுறை. ஆறு முதல் எட்டுச் சிறுவர்கள் ஓர் அணி. தலைவனும் அவர்களில் ஒருவனே. எங்கே போவது, யார் எதைச் சுமப்பது, யார் சமைப்பது என்பதையெல்லாம் அவர்களே கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும்.

இதன் வேர் ராணுவத்தில் இருக்கிறது. பெரும்படையைவிடச் சிறு குழுவே உளவுப் பணிக்கு ஏற்றது என்பது இயக்கத்தைத் தொடங்கிய பிரிட்டிஷ் அதிகாரி பேடன் பவலின் அனுபவம். தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் நகரம் 1899-1900இல் முற்றுகையில் சிக்கியபோது, அங்கிருந்த சிறுவர் படை செய்தி கொண்டு செல்வது போன்ற வேலைகளைப் பொறுப்பாகச் செய்ததையும் அவர் நேரில் கண்டார்.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்திலுள்ள பிரவுன்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களை வைத்து அவர் ஒரு முகாம் நடத்தினார். சிலர் வசதியான குடும்பத்துப் பள்ளி மாணவர்கள். மற்றவர்கள் பக்கத்து ஊர்களின் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள். அந்தக் கால இங்கிலாந்தில் இவர்கள் ஒரே பந்தியில் உட்காருவதே அபூர்வம். ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லூ பறவை என்று நான்கு அணிகள். ஒவ்வொன்றுக்கும் தோளில் ஒரு நிற ரிப்பன்.

ஒவ்வோர் இரவும் ஓர் அணிக்குக் காவல் முறை வரும். மாவு, பச்சை இறைச்சி, உருளைக்கிழங்கு, தேயிலை, தீப்பெட்டி, பாத்திரம் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, காட்டிய இடத்துக்குப் போய் அடுப்பு மூட்டிச் சமைத்து, காவலும் வைத்துப் படுக்க வேண்டும். பேடன் பவலும் பிற அணித் தலைவர்களும் பதினொரு மணிக்குள் இருட்டில் பதுங்கி வந்து பார்ப்பார்கள். விறகைப் பற்றி யாரும் யோசிக்காத அணிக்கு அன்றிரவு சாப்பாடு எப்படியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பறைப் பாடம் இவ்வளவு விரைவில் மண்டையில் ஏறாது.

1908இல் வெளியான ‘ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்’ நூல் இந்த முறையை நாடெங்கும் பரப்பியது. அணித் தலைவர்கள் சாரண ஆசிரியரோடு கூடி, பல அணிகள் சேர்ந்த துருப்பின் செயல்திட்டம், ஒழுங்கு, பணம் ஆகியவற்றை முடிவு செய்யும் அவையும் வழக்கத்துக்கு வந்தது. நடைமுறையில் முட்டுக்கட்டை பெரும்பாலும் பெரியவர்களே. தாமே திட்டம் போட்டுச் சிறுவர்களை ஏவினால் வேலை சீக்கிரம் முடியும். திட்டமிடும் பயிற்சி மட்டும் காணாமல் போகும். அணித் தலைவர்களை நம்பிப் பொறுப்பை ஒப்படைக்கும் வழியை விளக்கி ஒரு கைநூல் எழுதிய ரோலண்ட் பிலிப்ஸ், 1916இல் முதல் உலகப் போரின் சோம் போர்க்களத்தில் உயிரிழந்தார்.

இந்தியாவுக்கு இயக்கம் 1909இல் பெங்களூர் வழியாக வந்தது. ஆனால் தொடக்கத்தில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே இடம். பொறுப்பைக் கற்றுத்தர வந்த இயக்கம் இந்தியச் சிறுவர்களை வாசலிலேயே நிறுத்தியது விந்தைதான். அதற்கு மாற்றாக 1917இல் சென்னையில் அன்னி பெசன்ட், ஜார்ஜ் அருண்டேலின் துணையோடு இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். அவர்களின் சீருடையில் தலைப்பாகை இடம்பெற்றது. 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அந்தச் சங்கம் அவரது அமைப்போடு இணைந்தது. சுதந்திரத்துக்குப் பின், பிரிந்து கிடந்த அமைப்புகள் 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரண, சாரணியர் இயக்கமாக ஒன்றுபட்டன. அணிமுறை அதிலும் தொடர்ந்தது.