காக்ஸ் துரையின் பஜார்

வங்கதேசத்தின் தென்கிழக்குக் கோடியில், மேற்கே கடலும் கிழக்கே காடடர்ந்த குன்றுகளும் நெருக்க, இடையே நாடா விரித்தாற்போல நூறு கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் மணற்கரையில் காக்ஸ் பஜார் என்னும் ஊர் இருக்கிறது. பர்மாவிலிருந்து துரத்தப்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்கள் சுமார் பத்து லட்சம் பேர், மூங்கிலும் தார்ப்பாயுமாகக் குடிசை போட்டுக்கொண்டு காலந்தள்ளுவது இந்த ஜில்லாவில்தான் என்பதனால், ஊரின் பெயர் பத்திரிகை வாசிப்பவர்களுக்குப் பழகிப்போயிற்று. ஆனால் அந்தக் காக்ஸ் யார், அவர் பெயரால் ஒரு பஜார் ஏன் ஏற்பட்டது என்று விசாரிக்கப் புகுந்தால், சரித்திரத்துக்கும் குறும்பு உண்டு என்பது புலப்படும். ஹைரம் காக்ஸ் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்டன். அரக்கான் தேசத்திலிருந்து நாஃப் நதியைக் கடந்து வந்து குவிந்த அகதிகளுக்கு நிலம் ஒதுக்கிக் குடியேற்றும் உத்தியோகத்தில் இருந்தபோதே 1799-ஆம் வருஷத்தில் காலமானார். அவர் நினைவாக ஏற்பட்ட சந்தையே பிற்காலத்தில் ஊராயிற்று. அவர் குடியேற்றிய அகதிகளோ பெரும்பாலும் அரக்கானியப் பௌத்தர்கள். அவர்களை விரட்டியவரும் ஒரு பௌத்த அரசரே.

அரக்கான் இன்று பர்மாவின் ஒரு மாநிலமாக எண்ணப்பட்டாலும், இயற்கை அதை அவ்வாறு அமைக்கவில்லை. ஐராவதி நதிப் பிரதேசத்துக்கும் அதற்கும் நடுவே அரக்கான் யோமா என்னும் மலைத்தொடர் மதில்போல நிற்க, வங்காளத்துக்குப் போவதற்கோ ஒரு முகத்துவாரத்தைத் தோணியில் கடந்தால் போதும். 1430-இல் மிராவுக்-ஊ நகரை ஸ்தாபித்த நரமேக்லா மன்னரே, நாட்டை இழந்து வங்காளத்துச் சுல்தானிடம் தஞ்சம் புகுந்து, அவருடைய சேனையின் துணையோடு திரும்பி வந்தவர் என்று அரக்கானிய மரபு சொல்லும். அவருக்குப் பின் வந்த பௌத்த அரசர்கள் ஸலீம் ஷா, ஹுஸேன் ஷா என்ற பட்டங்களையும் தரித்துக்கொண்டு, பாரசீக எழுத்துப் பொறித்த நாணயங்களை அடித்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஆலாவோல் என்ற முஸ்லிம் கவி தம்முடைய வங்காளக் காவியமான பத்மாவதியை இயற்றியது அந்த அரசவையை அண்டியிருந்துதான். இதே ராஜ்யத்தின் படகுகள் போர்த்துக்கீசியக் கொள்ளைக்காரரோடு கூட்டுச் சேர்ந்து வங்காளத்து ஆற்றங்கரைகளில் ஜனங்களைப் பிடித்து வந்து அடிமைகளாக விற்றதும், அந்த அடிமைகளின் சந்ததி அரக்கானிலேயே வேரூன்றியதும் உண்டு. ஆகவே அது முஸ்லிம் ராஜ்யமாக இருந்தது என்று பேசுவோருக்கும், முஸ்லிம்கள் அங்கே நேற்று வந்தவர்கள் என்று சாதிப்போருக்கும் அந்தப் பழைய தலைநகர் சாட்சி சொல்லாது.

1784-இன் முடிவில் பர்மிய அரசர் போதோபயாவின் சேனை மலையைத் தாண்டி வந்து இந்த ராஜ்யத்தை விழுங்கியது. அரக்கானியரின் உயிர்நிலை என்று கருதப்பட்ட மகாமுனி புத்த விக்கிரகத்தை மலைவழியே அமரபுரத்துக்குக் கொண்டு போனார்கள். விக்கிரகத்தின் பின்னே மனிதர்களும் போனார்கள், கோவில் கட்டவும் ஏரி வெட்டவும் வெட்டியாள்களாக. தப்பியவர்கள் நாஃப் நதியைக் கடந்தார்கள். பர்மிய அதிகாரிகள் அவர்களைத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னார்கள். கம்பெனியாரோ ஒப்படைக்கவும் மனமின்றி, வைத்துக் காப்பாற்றவும் மனமின்றி வெகுகாலம் இழுத்தடித்துக் கடைசியில் காக்ஸை அனுப்பினார்கள். அவரைப் பற்றி இன்னொரு சங்கதி. பர்மாவில் வசித்த காலத்தில் அந்நாட்டுச் சதுரங்கத்தைக் கூர்ந்து ஆராய்ந்த அவர், சதுரங்கம் ஆதியில் நால்வர் கூடி ஆடிய ஆட்டமே என்ற கொள்கையை வெளியிட்டார். பிற்கால ஆராய்ச்சியாளர் அதை நிராகரித்துவிட்டனர் என்றாலும், நாஃப் நதிக்கரையைப் பொறுத்தமட்டில் அது பொய்யென்று நான் சொல்லத் துணியமாட்டேன்.

காக்ஸ் மறைந்த அதே 1799-இல், பிரான்ஸிஸ் புக்கானன் என்ற வைத்தியர் பர்மிய ராஜ்யத்தில் வழங்கும் பாஷைகளைப் பற்றி ஒரு வியாசம் வெளியிட்டார். அதற்கு அடுத்த வருஷம் மைசூரிலும் கோயமுத்தூர், ஈரோடு, தாராபுரம் முதலிய நம் கொங்கு நாட்டு ஊர்களிலும் சுற்றி, எந்தக் காட்டில் என்ன விளைகிறது, எந்தத் தறியில் என்ன நெய்கிறார்கள் என்று ஓயாமல் கேட்டு எழுதிவைத்தாரே, அதே புக்கானன்தான். 1795-இல் கம்பெனியின் தூதுகோஷ்டியோடு அமரபுரத்துக்குப் போனபோது, அரக்கானில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் முகமதியர் தங்களை ‘ரூயிங்கா’ என்று சொல்லிக்கொள்வதாக அவர் குறித்தார். அவர்களுடைய பாஷையில் சில சொற்களையும் பட்டியலிட்டார். நட்சத்திரத்துக்கு அவர்கள் சொன்ன சொல் ‘தாரா’. ஒரு ஜனசமூகத்தின் பெயர் இருபதாம் நூற்றாண்டில் அரசியலுக்காகக் கட்டப்பட்டது என்று வாதிப்பவர்கள் இந்தச் சிறு பட்டியலைக் கண்டால் சங்கடப்படுகிறார்கள். பெயர் பரவலானது பிற்காலத்தில்தான் என்பது மெய்யே. ஆனால் பரவியது வேறு, பிறந்தது வேறு.

அகதிகளில் ஒருவரான சின்பியான் என்பவர் 1811-இல் கம்பெனிச் சீமையிலிருந்தே ஆள்திரட்டிக்கொண்டு அரக்கானுக்குள் பாய்ந்ததும், பர்மியர் கம்பெனியார்மீது சந்தேகம் கொண்டதும், நாஃப் முகத்துவாரத்திலுள்ள ஷாபுரித் தீவு என்னும் மண்திட்டு யாருடையதென்று 1823 செப்டம்பரில் துப்பாக்கி வெடித்ததும், அதிலிருந்து மறு வருஷம் பெரும் யுத்தம் மூண்டதும் விரிவான கதை. சென்னை ராஜதானிச் சிப்பாய்களும் அந்த யுத்தத்துக்குக் கப்பலேறினார்கள். 1826 பிப்ரவரி 24-ஆந் தேதி யாண்டபோ உடன்படிக்கையின்படி அரக்கான் கம்பெனியார் வசமாயிற்று. காக்ஸ் பஜார்ப் பக்கம் ஓடிப்போயிருந்த பௌத்தக் குடும்பங்களில் பல இதன்பின் திரும்பி வந்து பழைய நிலங்களில் அமர்ந்தன. கூடவே சிட்டகாங் பக்கத்து முஸ்லிம் குடியானவர்களும் வந்தார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏற, அக்யாப் துறைமுகம் செழித்தது. அறுவடைக் காலத்தில் நதியைக் கடந்து வரும் கூலியாள்களில் சிலர் திரும்பாமல் தங்கிவிட்டார்கள். இதை மறைப்பதில் பிரயோஜனமில்லை. அரக்கானிய விவசாயி தன் ஊரில் தானே சிறுபான்மையாகிவிடுவோமோ என்று அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. அந்த அச்சத்தைக் கிளப்பிய வெள்ளை அரசாங்கம் அதைத் தணிக்க ஒன்றும் செய்யவில்லை.

கீழ்பர்மாவில் நகரத்தார் பெருமக்களின் வட்டிக்கடைகள் நடந்த கதை இதற்கு அண்டை வீட்டுக் கதை. 1930-க்குப் பின் நெல்விலை வீழ்ந்ததில், அடமானம் வைத்த பர்மியரின் வயல்கள் லட்சக்கணக்கான ஏக்கர் செட்டிமார் கைக்கு வந்து சேர்ந்தன; அவர்கள் விரும்பி வாங்கவில்லை என்றாலும், நிலமிழந்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? கடல்கடந்து வந்த இந்தியர் யாவரையும் குறித்த ‘கலா’ என்ற பர்மியச் சொல்லில் வரவர ஏளனம் ஏறியது. தமிழனுக்கும் தெலுங்கனுக்கும் அரக்கான் முஸ்லிமுக்கும் அது பொது. 1962-இல் ராணுவ ஆட்சி அமைத்த நெ வின் கடைகளையும் தொழில்களையும் தேசியமயமாக்கியபோது வெளியேறிய லட்சக்கணக்கானோரில் தமிழர்கள் கப்பலேறி வந்து சேர ஒரு தாய்நாடு இருந்தது; சென்னையில் பர்மா பஜார் அதன் அடையாளம். ரோஹிங்கியாவுக்கு அப்படி ஏறிவரக் கரை இல்லை.

இரு சமூகத்துக்கும் இடையே ரத்தம் பெருகியது 1942-இல். ஜப்பானியர் முன்னேற, ஆங்கிலேயர் பின்வாங்க, நடுவே அதிகாரமில்லாத வெளியில் தெற்கே முஸ்லிம்களும் வடக்கே பௌத்தர்களும் வெட்டுண்டார்கள். முஸ்லிம்கள் மாங்டோ, பூத்திடாங் பக்கமாகவும் பௌத்தர்கள் தெற்காகவும் ஒதுங்க, அதுவரை கலந்திருந்த தேசம் இரண்டாகப் பிரிந்தது. ஆங்கிலேயர் முஸ்லிம்களுக்கும் ஜப்பானியர் பௌத்தர்களுக்கும் ஆயுதம் கொடுத்தார்கள். யுத்தம் முடிந்து கொடுத்தவர்கள் போய்விட்டார்கள். வடபகுதியைப் பாகிஸ்தானோடு சேர்க்கக் கேட்டுச் சிலர் ஜின்னாவை அணுகியதும், அவர் இணங்காததும், 1948-இல் முஜாஹிதுகள் கலகம் தொடங்கியதும் பர்மிய சேனாதிபதிகளின் மனத்தில் ஆறாத வடுவாயின. அப்படியிருந்தும் பிரதமர் ஊ நூவின் காலத்தில் ரோஹிங்கியாக்கள் வாக்களித்தார்கள், பார்லிமெண்டில் உட்கார்ந்தார்கள். 1961-இல் அவர்கள் பகுதிக்கு மாயூ எல்லை ஜில்லா என்று தனி நிர்வாகம் ஏற்பட்டது. இரங்கூன் வானொலியில் அவர்கள் பாஷை ஒலித்தது. இன்று அந்தப் பெயரையே உச்சரிக்க மறுக்கும் அரசாங்கத்தின் வானொலிதான் அது.

1978-இல் ‘நாகமின்’ என்ற சோதனை நடவடிக்கையின் பேரால் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் நதியைக் கடக்க விரட்டப்பட்டார்கள். உலகத்தின் வற்புறுத்தலால் பெரும்பாலோரைத் திரும்ப ஏற்றுக்கொள்ள நேர்ந்த நெ வின் அரசாங்கம், மறுபடி அப்படி ஏற்கும் நிர்ப்பந்தம் வராதபடி 1982-இல் பிரஜா உரிமைச் சட்டம் ஒன்றைச் செய்தது. பிறப்பால் பிரஜை என்பதற்கு அச்சட்டம் வகுத்த எல்லை பர்மிய வருஷம் 1185, அதாவது கி.பி. 1823: ஆங்கிலேயர் வருமுன் குடியிருந்த இனமாக இருக்கவேண்டும். சட்டம் பெயர் சொல்லி ஏற்ற எட்டு இனங்களில் அரக்கானியப் பௌத்தர் உண்டு, ரோஹிங்கியா இல்லை. இதில் என் மனத்தை உறுத்துவது ஒன்று. காக்ஸ் பஜாரிலிருந்து 1826-க்குப் பின் திரும்பி வந்த பௌத்தனின் பேரனை எந்த அதிகாரியும் பாட்டன் வந்த வருஷம் எது என்று கேட்பதில்லை. அதே நதியை, அதே காலத்தில், சில சமயம் அதே தோணியில் கடந்த முஸ்லிமின் பேரனிடம், மழையிலும் புயலிலும் ஓலைக்கூரையின் கீழ் வாழ்ந்த குடும்பத்திடம், 1823-ஆம் வருஷத்து அத்தாட்சியைக் காட்டு என்கிறார்கள்.

சட்டம் காகிதத்தோடு நிற்கவில்லை. 1991-92-இல் மறுபடியும் இரண்டரை லட்சம் பேர் ஓடினார்கள். திரும்பியவர்களின் வீட்டுவாசலுக்கு வருஷந்தோறும் எல்லைக்காவல் உத்தியோகஸ்தர் வந்து, குடும்பப் பட்டியலை விரித்து, ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஆளைச் சரிபார்த்தார்கள். அன்று வேலைக்காக வெளியூர் போயிருந்த மகனின் பெயர் கோடிட்டு அடிக்கப்பட்டால், அவன் தன் தாயின் வீட்டிலேயே சட்டவிரோதமாக நுழைந்தவன் ஆகிவிடுவான். பக்கத்து வட்டத்துக்குப் போக அனுமதி, கலியாணத்துக்கு அனுமதி. 1995 முதல் கொடுத்த வெள்ளை அட்டை ஒன்றே அவர்களிடம் இருந்தது. 2010 தேர்தலில் அதை வைத்து வாக்களிக்கவும் செய்தார்கள். 2015-இல் அதுவும் பறிக்கப்பட்டது.

அந்த வருஷத் தேர்தலில் ஜனநாயகத்தின் திருவுருவாக உலகம் கொண்டாடிய ஆங் சான் சூகியின் கட்சி ஒரு முஸ்லிமைக்கூட வேட்பாளராக நிறுத்தவில்லை. அரக்கானில் பௌத்தர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட 2012 கலவரத்துக்குப் பின் பிக்ஷுக்களில் ஒரு சாரார் ஊரூராகத் துவேஷம் பிரசங்கித்து வந்தார்கள். அதை எதிர்த்தால் பர்மிய வாக்கு போய்விடும் என்ற கணக்கு. 2017 ஆகஸ்ட் 25-ஆந் தேதி ரோஹிங்கியா ஆயுதக் குழு ஒன்று போலீஸ் சாவடிகளைத் தாக்க, அதைச் சாக்காக்கி ராணுவம் கிராமங்களைக் கொளுத்தியதில் ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் சில மாதங்களில் நதியைக் கடந்தனர். காம்பியா என்ற சிறிய ஆப்பிரிக்க தேசம் இனப்படுகொலை என்று ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர, 2019 டிசம்பரில் அங்கே போய் ராணுவத்தின் செயலுக்காக வாதாடினார் சூகி. பதினான்கு மாதம் கழித்து, 2021 பிப்ரவரி 1-ஆந் தேதி, அதே ராணுவம் அவரைச் சிறைப்படுத்தியது. ராணுவத்தை எதிர்த்துத் தலைமறைவாய் இயங்கும் தேசிய ஐக்கிய அரசாங்கம், ரோஹிங்கியா என்ற பெயரைச் சொல்லி, 1982 சட்டத்தை மாற்றுவதாக வாக்களித்தது அதன் பிறகுதான்.

காக்ஸின் நால்வர் ஆட்டத்தை இங்கே நினைவுகூரலாம். ராக்கைன் என்று இப்போது வழங்கும் அரக்கானின் கடற்கரையில் கியாவுக்பியூவிலிருந்து சீனாவின் எண்ணெய்க்குழாயும் எரிவாயுக்குழாயும் யுன்னானுக்குப் போகின்றன. அதே கரையில், பழைய அக்யாபான சிட்வேயின் துறைமுகத்தை இந்தியா கட்டியது. ஆகவே 2017 செப்டம்பரில் இந்தியப் பிரதமர் பர்மா சென்றபோது வெளியேறும் ஜனங்களைப் பற்றிப் பகிரங்கமாகப் பேச்செழவில்லை. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் அண்டை நாட்டு அகதிகளை எண்ணியபோது ரோஹிங்கியாவும் விடுபட்டான், ஈழத்தமிழனும் விடுபட்டான். வங்கதேசம் கதவைத் திறந்தது, ஆனால் அகதி என்ற சொல்லைத் தவிர்த்து, ‘பலவந்தமாக இடம்பெயர்க்கப்பட்ட மியான்மர் பிரஜைகள்’ என்று நீட்டி எழுதியது. குட்டுப்பாலோங் முகாமுக்காகக் காட்டை வெட்டியபோது, யானைகள் பரம்பரையாக நடந்த தடத்தின்மேலேயே குடிசைகள் எழுந்துவிட்டன. இரவில் வழக்கம்போல் வந்த யானைகள் பத்துக்கு மேற்பட்டோரை மிதித்துக் கொன்றபின், மூங்கில் பரண் கட்டி, விளக்கும் ஒலிபெருக்கியுமாக அகதிகளே விடிய விடியக் காவலிருந்தார்கள். அந்தப் பக்கத்து ராமு என்ற ஊரில் 2012 செப்டம்பரில் ஒரு கும்பல் பௌத்த விகாரைகளைக் கொளுத்தியது. அங்கே வாழும் பௌத்தர்களில் காக்ஸ் காலத்து அகதிகளின் சந்ததியாரும் உண்டு.

2024-இல் ராணுவம், தான் பிரஜைகளாக ஏற்காத ரோஹிங்கியா இளைஞர்களையே கட்டாயமாகச் சேனையில் சேர்த்து, அரக்கான் சேனை என்னும் பௌத்தப் படைக்கு எதிரே நிறுத்தியது. வருஷ முடிவில் மாங்டோவையும் பிடித்து, ராக்கைனின் பதினேழு வட்டங்களில் பதினான்கை அரக்கான் சேனை ஆண்டது. நாஃப் நதியின் பர்மியக் கரை முழுவதும், போதோபயாவிடம் இழந்த இருநூற்று நாற்பது வருஷத்துக்குப் பின், மறுபடி அரக்கானியர் கைக்கு வந்தது. தோணிகள் மட்டும் நிற்கவில்லை. மலேயாவையும் ஸுமத்ராவையும் நோக்கிப் போகும் அவற்றில் சில திசைதப்பித் தெற்கே மிதக்கும். அந்த டிசம்பரில் இலங்கையின் முள்ளிவாய்க்கால் கடலில் மீனவர்கள் ஒரு படகைக் கண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர், பலர் குழந்தைகள். கரையிலிருந்து சோறும் தண்ணீரும் போயின. கடற்படை அவர்களைத் திருகோணமலைக்கு இழுத்துச் சென்றது. பிறகு முல்லைத்தீவுக்கே கொண்டுவந்து, தங்கள் காணியைத் திரும்பக் கேட்டு ஊர்ச்சனங்கள் 2017-இல் நாள்கணக்காக வாசலில் உட்கார்ந்திருந்த அதே கேப்பாப்பிலவில், விமானப்படை முகாமில் வைத்தார்கள்.