கடற்காற்றும் கணினியும்: பழுதானால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

திருகோணமலை உட்துறைமுகத்துக்குச் சற்றுத் தள்ளியுள்ள ஒரு சிறிய கடையில் பதினைந்து வருடங்களுக்கு மேலாகக் கணினி திருத்துகிறேன். கதவைத் திறந்தால் கடற்காற்று நேரே உள்ளே வரும். வருகிறவர்களுக்கு அது சுகமாக இருக்கும், மேசையில் திறந்து கிடக்கும் மதர்போர்ட்டுகளுக்கு அதுதான் பகை.

சில வருடங்களுக்கு முன் ஒரு அக்கா முச்சக்கர வண்டியில் தனது கணினியைக் கொண்டுவந்து இறக்கினார். "தம்பி, இதுக்குள்ள அவரின்ர படங்கள் இருக்கு. வேற ஒண்டும் வேண்டாம், அதை மட்டும் எடுத்துத் தாங்கோ" என்றார். கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணினியைப் போட்டதும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வந்தது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. இன்னொரு முறை பார்ப்போம், கேபிளை மாற்றிப் பார்ப்போம் என்று ஏழெட்டுத் தடவை இயக்கினேன். பிறகு கொழும்புக்கு அனுப்பியபோது, உள்ளே உள்ள தட்டுகள் உரஞ்சுப்பட்டுவிட்டன, எதையும் மீட்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் தடவையோடு நிறுத்தியிருந்தால் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கக்கூடும். அதை அந்த அக்காவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் எதுவும் பேசாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு யார் கணினியைக் கொண்டுவந்தாலும், என்ன பழுது என்று கேட்பதற்கு முன் "உள்ளே இருப்பதற்குப் பிரதி இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறேன். கீழே சொல்லப்படுபவை வீட்டிலும் அலுவலகத்திலும் நீங்களே செய்யக்கூடியவை. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நமது ஊரின் மூன்று பகைவர்கள்

முதலாவது உப்பு. கடற்காற்றில் வரும் மிக நுண்ணிய உப்பு கணினிக்குள் தூசியோடு சேர்ந்து படிகிறது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது சாதாரண உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மாரி கால இரவுகளில் இந்த அளவு சாதாரணம். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தையும் அரிக்கும். ரேம் பொருத்தும் இடத்திலும் கேபிள் முனைகளிலும் பச்சை நிறமாகப் படிவது இந்த அரிப்புத்தான்.

இரண்டாவது தூசி. மே மாதமளவில் கச்சான் காற்று தொடங்கினால் மண் பறக்கும். ஃபேனும் அதன் கீழ் உள்ள உலோகத் தகடுகளும் அடைத்துவிடும்.

மூன்றாவது மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததில் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. கரண்ட் போவதைவிட அது திரும்பி வரும் கணம்தான் ஆபத்து. அந்த நேரத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். எனவே மின்வெட்டு வந்தவுடன் கணினியின் பிளக்கைக் கழற்றுங்கள். கரண்ட் வந்து, மின்குமிழ்கள் ஐந்து பத்து நிமிடம் சீராக எரிந்த பின்னரே மீண்டும் செருகுங்கள். இடி மின்னல் நேரத்திலும் இதுதான் வழி. இன்டர்நெட் கேபிளையும் சேர்த்துக் கழற்ற வேண்டும், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

சுவிட்ச் போட்டாலும் அசைவே இல்லை

பாதிப் பேர் இந்த முறைப்பாட்டோடுதான் வருகிறார்கள். அதில் கணிசமானவை கணினியின் பழுதே அல்ல. இந்த ஒழுங்கில் பாருங்கள்.

அதே பிளக்கில் ஒரு மேசை விளக்கைப் போட்டுப் பாருங்கள். விளக்கு எரிந்தால் சுவரில் பிரச்சினை இல்லை. அடுத்து, பெட்டியின் பின்புறம் பவர் சப்ளையில் உள்ள சிறிய சுவிட்ச் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூட்டித் துடைக்கும்போது அது பலமுறை தட்டுப்பட்டுவிடும். பிறகு பவர் கேபிளை மாற்றிப் பாருங்கள், மொனிட்டரின் கேபிளும் பெரும்பாலும் அதே வகைதான். யூபிஎஸ் வழியாகப் போகிறதென்றால் அதை விலக்கிவிட்டு நேரடியாகச் சுவரில் போடுங்கள். யூபிஎஸ் பற்றரியின் ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான், நமது வெப்பத்தில் அதைவிடக் குறைவு. பற்றரி செத்த சில யூபிஎஸ்கள் கணினிக்கு மின்சாரமே விடாது.

இத்தனைக்குப் பிறகும் அசைவில்லை என்றால் பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம். கருகிய மணம் வந்தால் சந்தேகமே வேண்டாம். ஆனால் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் உள்ள பெரிய கொள்ளளவிகளில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். அதை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது மலிவானது என்று பெயர் தெரியாத ஒன்றை வாங்க வேண்டாம். மோசமான பவர் சப்ளை தான் சாகும்போது மதர்போர்ட்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூடவே கொண்டுபோய்விடும்.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது

முதலில் மொனிட்டரையும் அதன் கேபிளையும் பாருங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்ட் உள்ள கணினியில் கேபிளை மதர்போர்ட்டில் செருகிவிட்டுத் திரை வரவில்லை என்று வருபவர்கள் உண்டு. கார்ட் இருந்தால் கேபிள் கார்ட்டில்தான் செருகப்பட வேண்டும்.

அது சரியென்றால் எங்கள் ஊரில் பெரும்பாலும் ரேம்தான் காரணம். உப்பு படிந்து அதன் தொடுமுனைகள் மங்கிவிடும். பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பெட்டியின் பெயின்ட் இல்லாத உலோகத்தை ஒருமுறை தொடுங்கள், உடம்பில் உள்ள நிலைமின் போய்விடும். ரேமின் இருபக்கக் கொளுக்கியையும் விலக்கி அதைக் கழற்றி, பொன்னிற முனைகளைப் பாடசாலைப் பிள்ளைகள் பாவிக்கும் வெள்ளை அழிறப்பரால் மெதுவாக உரசுங்கள். துகள்களைத் தட்டிவிட்டு 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை. எது பழுது என்று தெரிந்துவிடும். கடையில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் கிடைத்தால் அது இன்னும் நல்லது. மண்ணெண்ணெய், வாசனைத் திரவியம், தண்ணீர் எதுவும் வேண்டாம்.

கணினியின் 'பீப்' ஒலிகளையும் எண்ணிக்கொள்ளுங்கள். எத்தனை தடவை, நீளமா குறுகலா என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். ஆனால் திருத்துபவரிடம் அதைச் சொன்னால் அவரது நேரம் பாதி மிச்சம்.

திகதியும் நேரமும் பின்னோக்கிப் போகின்றன

ஒவ்வொரு முறையும் திகதி பல வருடம் பின்னால் போய் நின்றால், மதர்போர்ட்டில் உள்ள காசு வடிவப் பற்றரி முடிந்துவிட்டது. சிஆர் 2032 என்று கேளுங்கள், கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். திகதி பிழையாக இருந்தால் வங்கி இணையத்தளங்கள் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுக்கும். வைரஸ் என்று நினைத்து விண்டோஸை அழித்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள். வேண்டியிருந்தது ஒரு சின்னப் பற்றரிதான்.

இடைநடுவில் தானாக நிற்கிறது

பத்து நிமிடம் ஓடி நின்று, ஆறிய பிறகு மீண்டும் ஓடினால் அது வெப்பம். மத்திய செயலி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும், அதற்கும் அடங்காவிட்டால் நின்றுவிடும். ஓய்வில் 40, 50 பாகை செல்சியஸ் இருந்தால் நமது காலநிலைக்குச் சரி. வேலை செய்யும்போது 90ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

பக்க மூடியைக் கழற்றி, பெயின்ட் தூரிகையால் தூசியைத் தட்டி, புளோவரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இதை வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். கச்சான் காலம் முடிந்ததும் ஒரு தடவை, மாரி முடிந்ததும் ஒரு தடவை என்று வருடத்துக்கு இரண்டு முறை போதும். மூன்று நான்கு வருடம் பழைய கணினியென்றால் செயலிக்கும் அதன் குளிர்விப்பானுக்கும் இடையிலுள்ள தேர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். ஒரு பட்டாணி அளவு புதிதாக வைத்தால் போதும்.

மூடியைக் கழற்றியபடியே இன்னொன்றையும் பாருங்கள். மதர்போர்ட்டில் நிற்கும் சிறிய உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். ஊதியிருந்தால் அல்லது கபில நிறத்தில் கசிந்திருந்தால் அந்தக் கொள்ளளவி செத்துவிட்டது. 2000களின் முற்பகுதியில் உலகம் முழுவதும் தரமற்ற கொள்ளளவிகள் பரவி இலட்சக்கணக்கான மதர்போர்ட்டுகளைக் கெடுத்தன. அந்தக் காலத்துக் கணினிகள் சில இன்னும் என் கடைக்கு வருகின்றன. பல்லியும் எறும்பும் உள்ளே குடியிருந்து கருகியதையும் கண்டிருக்கிறேன். பின்புறத் திறப்புகளைத் தகட்டால் மூடிவைப்பது அவற்றுக்காகத்தான்.

ஓடுகிறது, ஆனால் ஆமை வேகம்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் டிஸ்க் என்ற நிரல் எந்நேரமும் 100 சதவீதத்தில் நின்றால் பழைய ஹார்ட் டிஸ்க்தான் தடை. மெமரி 90ஐத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. ஸ்டார்ட் அப் பகுதியில் கணினி தொடங்கும்போதே எழுந்து நிற்கும் தேவையற்ற மென்பொருட்களை நிறுத்திவிடலாம்.

ஒரேயொரு செலவுதான் செய்ய முடியும் என்றால் எஸ்எஸ்டி வாங்குங்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 100, 150 மெகாபைட் அளவில் வாசிக்கும். சாட்டா வகை எஸ்எஸ்டி ஏறத்தாழ 500. சிதறிக் கிடக்கும் சிறிய கோப்புகளைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு. 2022இல் ரூபாய் சரிந்த பிறகு புதுக் கணினி வாங்குவது பலருக்கு எட்டாக்கனி. பத்து வருடப் பழைய கணினிக்கு எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும் போட்டால் பிள்ளையின் படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் இன்னும் சில வருடம் தாராளமாக ஓடும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை ஏற்பதில்லை. அதற்காகப் பழைய கணினியைக் குப்பையில் போட வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் அதில் நன்றாக ஓடும், தமிழும் எழுதலாம்.

ஹார்ட் டிஸ்க் சத்தம் போட்டால்

இங்கேதான் நான் பிழை விட்டேன். 'டிக், டிக்' அல்லது உரசல் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். தட்டாதீர்கள், குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள், திறக்காதீர்கள். உள்ளே இருப்பது முக்கியமென்றால் தரவு மீட்பவர்களிடம் நேரே போக வேண்டும். முக்கியமில்லை என்றால் புதிதாக ஒன்று மாற்றலாம்.

சத்தமில்லை, ஆனால் கோப்புகள் திறக்கச் சுணங்குகின்றன, அடிக்கடி விண்டோஸ் தானே டிஸ்க்கைச் சோதிக்கிறது என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. அப்போது முதல் வேலை பிரதி எடுப்பது. சோதனை மென்பொருள், திருத்தும் மென்பொருள் எல்லாம் அதற்குப் பிறகு. இலவசமாகக் கிடைக்கும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, டிஸ்க்கின் உடல்நிலையை நிறத்தில் காட்டும். மஞ்சள் என்றால் நம்பாதீர்கள்.

வெள்ளத்தில் நனைந்தால்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் நமது மாவட்டமும் மூழ்கியது. நனைந்த கணினியை 'ஓடுதா பாப்பம்' என்று போட்டுப் பார்ப்பதுதான் பெரிய பிழை. பிளக்கைக் கழற்றுங்கள், காசுப் பற்றரியையும் கழற்றுங்கள். மதர்போர்ட்டையும் ரேமையும் சுத்தம் செய்து நன்றாக உலர்த்தினால் சிலவேளை பிழைக்கும். பவர் சப்ளையை நம்ப வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கில் முக்கியமானவை இருந்தால் வெயிலில் காயவைக்காதீர்கள். சேறும் உப்பும் உள்ளேயே காய்ந்து ஒட்டிவிடும். ஈரத்தோடேயே பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி மீட்பவரிடம் கொடுங்கள். கணினியை நிலத்தில் வைக்காமல் மேசை உயரத்தில் வைத்தால் இந்தத் தொல்லையில் பாதி குறையும்.

கடைக்குக் கொண்டுவரும்போது

எப்போது தொடங்கியது, அதற்கு முன் கரண்ட் போனதா, என்ன சத்தம், திரையில் என்ன எழுதியிருந்தது என்பவற்றைத் தொலைபேசியில் படமெடுத்து வாருங்கள். "ஃபோர்மட் பண்ண வேண்டும்" என்று யார் சொன்னாலும், நான் சொன்னாலும், உள்ளே இருப்பவை எங்கே போகும் என்று முதலில் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்பது உங்கள் உரிமை. பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒருபோதும் கடையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பிரதி என்பது பெரிய வேலையல்ல. கணினியில் ஒன்று, வெளியே கழற்றி வைக்கும் டிஸ்க்கில் ஒன்று, வேறோர் இடத்தில் ஒன்று: மூன்று போதும். அந்த வேறோர் இடம் இணையமாகவும் இருக்கலாம், கண்டியிலோ கனடாவிலோ உள்ள சகோதரனின் வீடாகவும் இருக்கலாம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, இல்லாமல் போனவர்களின் படங்கள் ஆகியவற்றை முதலில் எடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணித்தியாலம் போதும்.

அந்த அக்கா போன வருடம் மகளின் கணினியோடு மீண்டும் கடைக்கு வந்தார். ரேம் மங்கிப்போயிருந்தது, அழிறப்பரால் துடைத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. போகும்போது கைப்பையிலிருந்து ஒரு சின்ன யூஎஸ்பியை எடுத்துக் காட்டினார். "இப்ப எல்லாத்தையும் இதிலயும் போட்டு வைக்கிறன் தம்பி" என்றார்.