கூரத்தாழ்வான் அடிச்ச பஞ்ச்

ஸ்டாண்ட்-அப் காமெடி பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூரம் ஞாபகம் வரும். காஞ்சிபுரம் பக்கத்துல, கூரத்தாழ்வான் பிறந்த ஊர்.

1975-ல் வந்த ஒரு கட்டுரையில் பால் கிரைஸ் என்ற தத்துவ அறிஞர் பேச்சுக்கு விதிகள் சொன்னார்: உண்மையைச் சொல், தேவையான அளவு சொல், சம்பந்தத்தோட சொல், ரெட்டை அர்த்தம் இல்லாம தெளிவாச் சொல். காமெடியன் இதுல ஒண்ணை வேணும்னே உடைக்கிறார்; நாம சிரிக்கிறோம்.

நம்ம ஆழ்வான் இதைச் சோழர் காலத்துலயே செஞ்சுட்டார்! குருபரம்பரைக் கதைப்படி, ராமானுஜரோட காவியை உடுத்திக்கிட்டு, அவருக்குப் பதிலா சோழன் சபைக்குப் போனார். 'சிவத்துக்கு மேல் எதுவும் இல்லை' என்ற ஓலையில் கையெழுத்து கேட்டாங்க. 'ஏன், த்ரோணம் இருக்கே' என்று எழுதிட்டார். ரெண்டுமே தானிய அளவைப் பெயர்களும்கூட. குறுணியைவிடப் பதக்கு பெருசு. ஒரே வேரியபிள், ரெண்டு வேல்யூ. நாலாவது விதி காலி :-)

மன்னன் சிரிக்கலை. ஆழ்வானுக்குப் பார்வை போச்சு.

2021 ஜனவரியில் இந்தூரில் கைதான காமெடியன் முனாவர் ஃபாரூக்கி ஒரு மாசத்துக்கு மேல சிறையில் இருந்தார். விதியை உடைக்கிறது மட்டும் ஜோக் ஆகாதுங்க. கேட்கிறவரும் விளையாட்டுக்கு வரணும். அவர் கையில் அதிகாரம் இருந்து, வர மாட்டேன்னுட்டா?