வழிகாட்டி நூல் எழுதியவரின் கல்லறை

நம்மிடம் முதுகலைத் தமிழ் பயின்ற மாணவி ஒருவர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். போட்டித் தேர்வுப் பயிற்சி நிறுவனம் ஒன்றில் ஈராண்டுகளாக வினா எழுதும் பணி. நாளொன்றுக்கு நாற்பது வினாக்கள் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். அவற்றுள் மூன்று தவறாகவும், ஆனால் நம்பும்படியாகவும் இருத்தல் வேண்டும். "ஒரு நாளைக்கு நூற்றிருபது பொய் எழுதுறேன் ஐயா. இதுவும் தமிழ்ப்பணிதானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டோம். அன்று சொல்லத் தவறிய விடையை இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

இத்தொழில் நேற்று முளைத்ததன்று. சீனத்தில் அரசுப் பணிக்கான தேர்வுமுறை 1905இல் ஒழிக்கப்படும்வரை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நிலவியது. மிங், சிங் பேரரசுகளின் காலத்தில் அத்தேர்வின் உயிர்நாடி 'எட்டுக்கால் கட்டுரை' எனப்பட்ட இறுக்கமான கட்டுரை வடிவம். கன்பூசிய நூல்களிலிருந்து ஒரு தொடரைக் கொடுப்பார்கள். சூ ஷி என்னும் பேருரையாசிரியரின் உரைவழி நின்று, வகுத்த உறுப்புகளுக்குள் அதை விரித்தெழுத வேண்டும். தேர்வு இருந்தால் அதற்கொரு சந்தையும் இருக்குமல்லவா? வென்றவர்களின் கட்டுரைகளைத் தொகுத்து, வரிக்கு வரி குறிப்பெழுதி விற்கும் புத்தகக் கடைகள் பெருகின. குறிப்பெழுதக் கூலிக்கு அமர்ந்தவர்களோ பெரும்பாலும் அத்தேர்வின் மேற்படிகளில் ஏற இயலாமல் நின்றுவிட்ட புலவர்கள்.

அவர்கள் வாழ்க்கையை நமக்குக் காட்டித் தருபவர் வூ ஜிங்ஸி (1701–1754). முதற்படியோடு தேர்வில் நின்றுவிட்ட இவர் எழுதிய 'ரூலின் வைஷி' என்னும் புதினம், தேர்வையே வாழ்வாகக் கொண்ட அறிஞர் கூட்டத்தைப் பற்றியது. அதில் குவாங் சாவ்ரென் என்னும் இளைஞன் வருகிறான். முந்நூறுக்கு மேற்பட்ட கட்டுரைகளுக்குப் பதினைந்து நாளில் குறிப்பெழுத இயலுமா என்று கடைக்காரர் கேட்கிறார். தங்க இடமும் விளக்கெண்ணெயும் தேநீரும் கடையின் செலவு. அன்றாடம் எளிய சோறு; மாதத்தில் இருநாள், கடைப் பணியாளர்களோடு சேர்ந்து இறைச்சி. இளைஞன் ஆறே நாளில் முடித்துவிடுகிறான்! கூலி இரண்டு லியாங் வெள்ளியும் ஐம்பது படிகளும். பின்னர் அவனே வேறொருவனுக்காக ஆள்மாறாட்டம் செய்து தேர்வெழுதுகிறான். அதற்குக் கிடைப்பது இருநூறு லியாங். இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துவிட்டு ஆசிரியர் பேசாமல் நகர்ந்துவிடுகிறார்.

அதே புதினத்தில் மா சுன்ஷாங் என்றொருவர். அவரும் கூலிக்குத் தொகுப்பவரே; ஆனால் ஒரு குறிப்புக்காகப் பாதி இரவு விழித்திருப்பவர். செல்வக் குடும்பத்து நண்பரொருவர் நூலின் முகப்பில் தம் பெயரையும் சேர்த்துக்கொள்ளக் கேட்டபோது பக்குவமாக மறுத்துவிடுகிறார். அந்நண்பரே வழக்கொன்றில் சிக்கித் தவித்தபோதோ, தம் கையில் மிஞ்சியிருந்த கூலிப்பணம் முழுவதையும் கொடுத்து மீட்கிறார். பணத்தைக் கொடுக்க முடிந்தவரால் முகப்பில் இடம் கொடுக்க முடியவில்லை. தாம் எழுதியது தம்முடையது என்று நம்பியவர் அவர்.

புதினத்தை விட்டு வரலாற்றுக்கு வருவோம். லூ லியுலியாங் (1629–1683) செச்சியாங் மாநிலத்தவர். மிங் அரசு 1644இல் வீழ்ந்து மஞ்சூரியர் ஆட்சி வந்தபோது சிறுவர். அவ்வாட்சியை எதிர்த்த உறவினர் ஒருவர் கொல்லப்பட்டதைக் கண்டவர். ஆயினும் 1653இல் அவ்வரசின் தேர்வையே எழுதி முதற்படி ஏறினார். அந்த உறுத்தல் அவரை விடவில்லை. 1666இல் அத்தகுதியைத் துறந்தார். மருத்துவம் பார்த்தார், தேர்வுக் கட்டுரைகளைத் தொகுத்துக் குறிப்பெழுதி, தாமே அச்சிட்டும் விற்றார். நாடெங்கும் இளைஞர்கள் அவற்றை வாங்கினர். தேறுவதற்காக வாங்கிய நூலில் அவர்கள் வேறொன்றையும் படித்தார்கள். பழைய அமைச்சர் குவான் ஜோங்கைக் கன்பூசியஸ் ஏன் பாராட்டினார் என்பது தேர்வுக்கு உரிய பொருள்தான். அதற்கு விளக்கமெழுதும் சாக்கில், அரசனுக்குக் கட்டுப்படுவதினும் பெரிய கடமையொன்று உண்டு, அந்நியர் ஆட்சிக்குப் பணியாதிருத்தலே அது என்று லூ எழுதினார். மஞ்சூரியரின் தேர்வுக்குப் படிக்கும் நூலில், மஞ்சூரியருக்கு எதிரான பாடம்!

அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின், ஹூனான் மாநிலத்துச் சிற்றூர் ஆசிரியர் செங் ஜிங் தேர்வெழுத நகரத்துக்குச் சென்றபோது அக்குறிப்புகளைப் படித்தார். தேர்வில் தேறவில்லை, ஆனால் படித்தது உள்ளே தங்கிவிட்டது. 1728இல் தம் மாணவர் வழியாகப் படைத்தலைவர் ஒருவருக்குக் கடிதம் அனுப்பி, அரசுக்கு எதிராக எழும்படி வேண்டினார். படைத்தலைவர் கடிதத்தைப் பேரரசரிடமே சேர்த்தார். விசாரணை நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. யோங்செங் பேரரசர் கடிதம் எழுதிய செங் ஜிங்கை மன்னித்தார். வழிகாட்டி நூல் எழுதிய லூவை மன்னிக்கவில்லை. 1733இன் தொடக்கத்தில், இறந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டாகிவிட்ட அவருடைய கல்லறையைத் தோண்டி உடலைச் சிதைக்க ஆணை பிறந்தது. மகன் ஒருவர் தலை வெட்டப்பட்டது. பேரப்பிள்ளைகள் வடகிழக்கே நிங்குதாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். 1735இல் அரியணையேறிய சியான்லோங், செங் ஜிங்கையும் விட்டுவைக்கவில்லை.

லூவை வீரராக்கித் தொழுவது நம் நோக்கமன்று. அவர் எழுதியதில் பிறவினத்தார் மீதான இகழ்ச்சியும் கலந்தே இருந்தது. நாம் காண்பது வேறொன்று. தேர்வுக் குறிப்பென்னும் கூலி எழுத்தையும் ஒருவர் தம் சொந்த எழுத்தாக எழுத முடிந்திருக்கிறது. அதைப் படித்த ஒருவர் தம் உயிரையே பணயம் வைத்திருக்கிறார். பேரரசர் ஒருவர் அதற்கு அஞ்சியிருக்கிறார்.

நாமும் அக்கூலியை வாங்கியவர்களே. கல்லூரிப் பணி கிடைக்குமுன் வழிகாட்டி நூல்கள் வெளியிடும் நிறுவனம் ஒன்றுக்குப் பக்கக் கணக்கில் எழுதினோம். குறுந்தொகைப் பாடலொன்றுக்குத் திணையும் துறையும் எழுதிய பின், இதற்கு வேறு விதமாகவும் பொருள் கொள்ளலாம் என்று இரண்டு வரி சேர்த்திருந்தோம். "ரெண்டு பதில் இருந்தா பையன் குழம்பிடுவான், மார்க் போயிடும் சார்" என்றார் பொறுப்பாளர். நீக்கினோம். நூலில் நம் பெயர் போடப்படவில்லை. அன்று அதற்காக மகிழ்ந்தோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆகவே அம்மாணவிக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான். நம்பத்தகுந்த மூன்று தவறான விடைகளை எழுத, படிப்பவர் எங்கே வழுக்குவார் என்று அறிந்திருக்க வேண்டும். அது ஆசிரியருக்கு உரிய அறிவு. அதைப் பொய் என்று தாழ்த்திக்கொள்ள வேண்டியதில்லை. சரியான விடைக்குக் கீழே விளக்கம் எழுதச் சொல்வார்களே, அதில் ஒரு வரிக்காவது இடமிருக்கும். அந்த ஒரு வரியை உங்களுடையதாக எழுதுங்கள். நீக்கச் சொன்னால் ஒருமுறையாவது வாதாடிப் பாருங்கள். நாம் வாதாடவில்லை. அந்தக் குறுந்தொகைப் பாடல் எதுவென்று இன்றும் நினைவிருக்கிறது. நீக்கிய அந்த இரண்டு வரிகள்தாம் எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை.