சயனோடைப்: வீட்டில் செய்யும் நீல அச்சுப் பரிசுகள்

சயனோடைப் என்பது இரும்பு உப்புகள் பூசிய தாளிலோ துணியிலோ, வெயிலைக் கொண்டு புகைப்படத்தை நீல நிறத்தில் அச்சிடும் முறை. தமிழில் இதை நீல அச்சு எனலாம். இதற்கு இருட்டறையோ விலையுயர்ந்த வெள்ளி உப்புகளோ வேண்டியதில்லை. இரண்டு வேதிப்பொருட்கள், ஒரு கண்ணாடி, வெயில், தண்ணீர் ஆகியவை போதும். சொந்தப் புகைப்படங்களைக் கொண்டு வாழ்த்து அட்டை, புத்தகக் குறி, கைக்குட்டை, தலையணை உறை போன்ற பரிசுகளை வீட்டிலேயே செய்ய இம்முறை ஏற்றது. கையால் பூசுவதால் ஒரே படத்தின் இரண்டு அச்சுகள்கூட முற்றிலும் ஒன்றுபோல் அமையா. ஒவ்வொன்றும் தனிப் பொருள்.

வரலாறு

இம்முறையை இங்கிலாந்தின் வானியலாளரும் வேதியியலாளருமான ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டறிந்தார். புகைப்படத் துறையில் ‘நெகட்டிவ்’, ‘பாசிட்டிவ்’ என்ற சொற்களை வழக்கில் கொண்டுவந்தவரும் அவரே. கருநீலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து சயனோடைப் என்ற பெயர் வந்தது.

அடுத்த ஆண்டே கெண்ட் பகுதியைச் சேர்ந்த தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் (1799–1871) இம்முறையைக் கைக்கொண்டார். கடற்பாசிகளைப் பூச்சிட்ட தாளின்மேல் நேரடியாக வைத்து, வெயிலில் காட்டி அச்சு எடுத்தார். பிரித்தானியக் கடற்பாசிகளைப் பற்றிய அவருடைய நூல் 1843 முதல் 1853 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. புகைப்படங்களால் ஆன முதல் நூலாக இது பொதுவாகக் கருதப்படுகிறது. இந்நூலை அவர் கடையில் விற்கவில்லை. படிகளைத் தாமே செய்து நண்பர்களுக்கும் அறிவியல் அமைப்புகளுக்கும் அளித்தார். ஹெர்ஷலுக்குக் கொடுத்த படி இன்று நியூயார்க் பொது நூலகத்தில் உள்ளது. கையால் செய்து பிறருக்குக் கொடுப்பது இக்கலையோடு சேர்ந்தே பிறந்த வழக்கம்.

1870-களில் பூச்சிட்ட தாள் ஆயத்தமாகவே விற்பனைக்கு வந்தது. கட்டடம், இயந்திரம் ஆகியவற்றின் வரைபடங்களை நகலெடுக்க அது பெரிதும் பயன்பட்டது. ‘புளூபிரிண்ட்’ என்ற சொல் அதிலிருந்து வந்ததே. அந்நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பொழுதுபோக்காகப் படமெடுத்தவர்கள் குடும்பப் படங்களையும் அஞ்சலட்டைகளையும் நீல அச்சில் எடுத்தனர்.

வேதியியல்

பூச்சில் பெர்ரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் பெர்ரிசயனைடு என்ற இரண்டு உப்புகள் உள்ளன. புற ஊதாக் கதிர் பட்டதும் முதல் உப்பிலுள்ள இரும்பு ஒடுக்கம் அடைகிறது. அது இரண்டாவது உப்புடன் வினைபுரிந்து, நீரில் கரையாத பிரஷ்ய நீலமாக மாறுகிறது. வெயில் படாத இடத்திலுள்ள உப்புகள் நீரில் கரைந்து போய்விடுகின்றன. ஆகவே, வெறும் தண்ணீரில் அலசுவதே படத்தை நிலைநிறுத்துகிறது.

படத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஒளியும் நிழலும் தெளிவாகப் பிரிந்த படங்கள் இதற்குப் பொருந்தும். கூட்டமான பின்னணி கொண்டவை நீலத்தில் குழம்பிப் போகும். ஸ்டுடியோவில் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் நன்றாக வரும். பழைய படத்தை ஸ்கேன் செய்து நகலை மட்டும் பயன்படுத்த வேண்டும். மூலப்படத்தை ஈரத்துக்கும் வெயிலுக்கும் அருகில் கொண்டுவரக் கூடாது.

4 × 6 அங்குல அச்சுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் 1200 × 1800 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும். கோப்பாக அனுப்பினால் முழு அளவில் கிடைக்கும்.

நெகட்டிவ் தயாரித்தல்

நெகட்டிவும் அச்சும் ஒரே அளவில்தான் இருக்கும். கைபேசியிலோ கணினியிலோ படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஒளி நிழல் வேறுபாட்டைச் சற்றுக் கூட்டி, நிறங்களைத் தலைகீழாக்க வேண்டும். பிறகு இடவலமாகத் திருப்பி, அச்சுப்பொறிக்கு ஏற்ற ஓஹெச்பி ஷீட்டில் அச்சிட வேண்டும். மை உள்ள பக்கம் பூச்சைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் படம் கூர்மையாக வரும். இடவலம் மாற்றுவது அதற்காகவே.

செய்முறை

1. பெர்ரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மில்லி நீரிலும், பொட்டாசியம் பெர்ரிசயனைடு 10 கிராமை வேறொரு 100 மில்லி நீரிலும் கரைத்து, தனித்தனிப் பழுப்புக் குப்பிகளில் வைக்க வேண்டும்.

2. தேவையான அளவு மட்டும் இரண்டையும் சமமாகக் கலந்து, வெயில் வராத அறையில் மங்கிய மஞ்சள் விளக்கொளியில், கெட்டியான நீர்வண்ண ஓவியத் தாளில் பிரஷ்ஷால் மெல்லியதாகப் பூச வேண்டும்.

3. தாளை இருட்டில் முழுவதும் உலரவிட்டு, அன்றைக்கே பயன்படுத்துவது நல்லது. ஈரக்காற்று பூச்சைக் கெடுக்கும்.

4. உலர்ந்த தாளின்மேல் நெகட்டிவை வைத்து, கண்ணாடியால் அழுத்திக் கிளிப் போட்டு வெயிலில் வைக்க வேண்டும். உச்சி வெயிலில் 5 முதல் 15 நிமிடம் போதும். மேகமூட்டத்தில் பலமடங்கு நேரம் ஆகும். மஞ்சள் பச்சையாக இருந்த பூச்சு நீலமாகி, ஆழ்ந்த இடங்கள் சாம்பல் பூத்ததுபோல் வெளிறினால் எடுக்கலாம். முதலில் ஒரு துண்டுத் தாளில் 4, 8, 12 நிமிடம் எனச் சோதித்துப் பார்த்தால் நல்ல தாள் வீணாகாது.

5. மஞ்சள் நிறம் முற்றிலும் போகும்வரை தண்ணீரில் அலச வேண்டும். காரத்தன்மை உள்ள போர் தண்ணீர் நீலத்தை மங்கச் செய்யும் என்பதால், முதல் அலசலில் சிறிது வினிகரோ எலுமிச்சைச் சாறோ சேர்ப்பது உதவும்.

6. நிழலில் உலர்த்த வேண்டும். ஒரு நாளுக்குள் காற்று பட்டு நீலம் ஆழமாகும்.

துணியில் அச்சிடல்

பருத்தி, பட்டு, லினன் ஆகிய இயற்கை இழைத் துணிகள் பூச்சை நன்றாக ஏற்கும்; பாலியஸ்டர் ஏற்காது. புதுத் துணியின் கஞ்சியை முதலில் துவைத்துப் போக்க வேண்டும். முடிந்த துணியைச் சலவைத் தூளில் ஊறவைக்கக் கூடாது, அதிலுள்ள சலவைச் சோடா நீலத்தை அழித்துவிடும். காரமற்ற மென்மையான திரவ சோப்பில் கையால் அலசுவதே சரி. பரிசு தரும்போது இதைச் சீட்டில் எழுதிச் சேர்த்தால், பெறுபவர் அறியாமல் படத்தை இழக்க நேராது.

நிறம் மாற்றுதல்

நீலம் வேண்டாதவர்கள் அச்சைக் கெட்டியான தேநீர் டிகாக்ஷனில் ஊறவைக்கலாம். தேநீரிலுள்ள டானின் இரும்போடு சேர்ந்து நீலத்தைக் கருமைக்குக் கொண்டுசெல்லும். கலம்காரித் துணியில் கடுக்காயும் இரும்புக் கரைசலும் சேர்ந்து கறுப்பு தருவதும் இவ்வகை வினையே.

பரிசு வகைகள்

முதல் முயற்சிக்குப் புத்தகக் குறியும் வாழ்த்து அட்டையும் ஏற்றவை. பழகியபின் சட்டமிட்ட படம், துணிப்பை, தலையணை உறை ஆகியவற்றைச் செய்யலாம். பெற்றோரின் திருமணப் படம், இடிக்கப்பட்ட பூர்விக வீட்டின் படம், குழந்தையின் கைத்தடம் போன்றவை கடையில் வாங்க முடியாத பரிசுகளாகும். நெகட்டிவ் இல்லாமலும் செய்யலாம்: தோட்டத்து முருங்கை இலை, வேப்பிலை, தாத்தாவின் மூக்குக் கண்ணாடி ஆகியவற்றைத் தாளின்மேல் வைத்தால், அவற்றின் வடிவம் நீலத்தின் நடுவே வெள்ளையாகப் பதியும்.

பாதுகாப்பு

கையுறை அணிய வேண்டும். சமையல் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. பொட்டாசியம் பெர்ரிசயனைடைச் சூடுபடுத்துவதோ வலிமையான அமிலத்தோடு சேர்ப்பதோ நச்சு வாயுவை உண்டாக்கும். கழிவறை கழுவும் அமிலத்தின் அருகில் வைக்கவே கூடாது. குழந்தைகள் செய்தால் கரைசல் கலப்பதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பராமரிப்பு

நேர் வெயில் படும் சுவரில் மாட்டினால் அச்சு மெல்ல வெளிறும். இருட்டில் சில நாள் வைத்தால் பெரும்பாலும் நிறம் திரும்பும்; இது நீல அச்சின் தனித்தன்மை. கார வேதிப்பொருள் சேர்த்த அட்டைகளை அடியில் வைக்கக் கூடாது.

அட்கின்ஸ் ஒவ்வொரு கடற்பாசியின் பெயரையும் தம் கையால் எழுதி, அந்த எழுத்தையும் நீலத்தில் அச்சாக்கினார். 180 ஆண்டுகளுக்குப் பிறகும் அவை எந்தப் பாசிகள் என்று தெரிவது அதனால்தான். குடும்பப் படத்துக்கும் இது பொருந்தும். நெகட்டிவின் வெற்று ஓரத்தில், மையில்லாத மேல்பக்கத்தில், படத்திலிருப்பவரின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் கறுப்பு மார்க்கரால் எழுதுங்கள். நீலத்தின்மேல் உங்கள் கையெழுத்து வெள்ளையாக நிற்கும். பெயர் எழுதாத படம் ஒரு தலைமுறை கடந்தால் யாரோ ஒருவரின் படமாகிவிடும்.