கண்ணாடித் தகடும் பெரிதாக்கும் லென்ஸும்

சிங்கப்பூரின் பழைய புகைப்படங்கள் குறித்து இப்பதிவில் சிறிது காண்போம்.

1843ஆம் ஆண்டு டிசம்பரில் காஸ்டன் துத்ரோன்குவா என்பார், தாம் நடத்திய லண்டன் ஹோட்டலில் டாகரோடைப் முறையில் உருவப்படம் எடுத்துத் தருவதாக இங்கு விளம்பரம் செய்தார். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் நேரே பதியும் படம் அது. நெகடிவ் இல்லாமையால் அதிலிருந்து பிரதி எடுக்க வழியில்லை.

1862இல் இங்கு வந்த ஜான் தாம்சனும், 1867இல் நிலையம் தொடங்கிய ஜி. ஆர். லாம்பர்ட்டும் கண்ணாடி நெகடிவ்களைக் கையாண்டனர். முட்டை வெண்கரு பூசிய தாளை நெகடிவோடு ஒட்டி வைத்து வெயிலில் காட்டினால் படம் பதியும். அத்தாள் ஒளியை மிக மெதுவாகவே ஏற்கும்; விளக்கொளியில் பெரிதாக்குவதற்கு அது பயன்படாது. எனவே படம் எவ்வளவு பெரிதோ, நெகடிவும் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியிருந்தது. அதற்கேற்ற பெருங்கேமராவைச் சுமந்தே அவர்கள் ஊரெங்கும் சென்றனர்.

1880களில் ஒளியை விரைந்து ஏற்கும் புரோமைடு தாள் பரவிய பின்னரே இருட்டறையில் விளக்கொளி கொண்டு பெரிதாக்குதல் எளிதாயிற்று. அங்கே லென்ஸைத் தேர்வதற்கு முதல் விதி ஒன்று உண்டு: லென்ஸின் குவியத் தொலைவு, நெகடிவின் மூலைவிட்ட நீளத்தை ஒட்டியிருத்தல் வேண்டும். 35 மி.மீ. பிலிமுக்கு 50 மி.மீ., 4க்கு 5 அங்குல நெகடிவுக்கு 150 மி.மீ., 8க்கு 10 அங்குலத்துக்கு 300 மி.மீ. என்பது வழக்கம். குறைந்தால் படத்தின் மூலைகள் இருண்டு மங்கும். கூடினால் கருவி மிக உயர வேண்டும். 300 மி.மீ. லென்ஸால் நான்கு மடங்கு பெரிதாக்க, நெகடிவுக்கும் தாளுக்கும் இடையே ஏறத்தாழ 1.9 மீட்டர் தேவைப்படும். ஆதலால் பெரிய நெகடிவ்களுக்குக் கிடைமட்டக் கருவியை அமைத்து, படத்தைச் சுவரில் விழச் செய்வதுண்டு.

இரண்டாம் விதி, எத்தனை மடங்கு என்பது. 16க்கு 20 அங்குலப் படம் வேண்டுமெனில் 35 மி.மீ. பிலிமைச் சுமார் 17 மடங்கு பெரிதாக்க வேண்டும். 8க்கு 10 அங்குல நெகடிவுக்கு இரண்டே மடங்கு போதும். பத்து மடங்குக்கென வடித்த லென்ஸ் இரண்டு மடங்கில் முழுத்திறனைக் காட்டாது. குறைந்த மடங்குக்கென வடித்ததையே தேர்தல் நன்று.

இந்நுட்பத்தை ஆசிரியராகிய நான் பேசுவதற்குக் காரணம் உண்டு. லாம்பர்ட் நிலையத்தார் எடுத்த உருவப்படங்களில் தமிழரும் உளர். அவற்றின் தலைப்புகள் பெரும்பாலும் இனத்தைக் குறிக்கின்றன, பெயரைக் குறிப்பதில்லை. எனினும் பெரிய நெகடிவில் சேலையின் கரையும் காதணியின் வேலைப்பாடும் நுணுக்கமாய்ப் பதிந்திருக்கும். தலைப்பு சொல்லாததைத் தகடு சொல்லும். கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்துக்குச் செல்லும் மாணவர்களிடம், பழைய படங்களை விளிம்பு முதல் விளிம்பு வரை பார்க்குமாறு நான் கூறுவது இதனாலேயே.

ஹில் ஸ்திரீட்டில் இருந்த லீ பிரதர்ஸ் நிலையத்தின் சுமார் 2,500 படங்களை அக்குடும்பத்தார் பேணி வைத்தமையால் அவை இன்று தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. உங்கள் இல்லத்திலும் பழைய நெகடிவ்கள் இருக்கலாம். படம்தான் கையில் உள்ளதே என்று அவற்றை எறிந்துவிடாதீர்கள். படத்தில் இல்லாத நுணுக்கம் நெகடிவில் இருக்கக்கூடும்.