சிற்றலையும் அமெச்சூர் வானொலியாளரும்

வானொலியின் வரலாற்றைக் கூறுவோர் பேரறிஞரையும் பெருநிறுவனங்களையுமே விதந்துரைப்பர். ஊதியங் கருதாது, ஆர்வம் ஒன்றினாலேயே வீட்டில் நிலையம் அமைத்த அமெச்சூர்கள் சிற்றலைக்கு ஆற்றிய தொண்டினை ஈண்டு நோக்குவாம்.

அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்துவந்த குறியைக் கேட்டதாக மார்க்கோனி 1901 இல் அறிவித்தபின், அமெரிக்க இளைஞர் பலர் இத்துறையில் இறங்கினர். மோட்டார் வண்டியின் தீப்பொறிச் சுருள் அனுப்புங் கருவியாயிற்று. கலீனாப் பளிங்குத் துண்டும் செவிக்கருவியும் ஏற்குங் கருவியாயின. மோர்சுக் குறியே அவர்தம் மொழி. கப்பற் செய்திகளுக்கு இவர்களால் இடையூறு விளைகின்றதென முறைப்பாடு எழுந்தது. 1912 ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களை 200 மீற்றரும் அதற்குக் குறைந்தனவுமான அலைநீளங்களுக்குள் ஒதுக்கியது. அலை நீண்டாலன்றிச் செய்தி நெடுந்தூரம் செல்லாது என்பதே அக்காலக் கொள்கை. எனவே, எவரும் விரும்பாத எச்சமே இவர்களுக்குக் கிடைத்தது.

ஆயினும் அவர் சோர்ந்தாரல்லர். ஹாட்போட் நகரத்து ஹைரம் பேர்சி மாக்சிம், அண்டை நகருக்குத் தம் குறி எட்டாமையால், இடைவழியிலிருந்த வேறோர் அமெச்சூர் வாயிலாகச் செய்தியை அனுப்பினார். கைமாற்றி அனுப்பும் இம்முறையை நாடெங்கும் பரப்ப 1914 இல் ஒரு சங்கம் தோன்றிற்று. 1917 இல் போர் காரணமாக வாய்மூடிய நிலையங்கள் 1919 இல் மீண்டும் இயங்கின. தீப்பொறியின் இடத்தை வால்வு படிப்படியாகக் கைப்பற்றியது.

1921 டிசம்பரில் போல் கொட்லி ஸ்கொட்லாந்துக் கடற்கரையிற் கூடாரமிட்டு அமெரிக்க அமெச்சூர்களின் குறிகளைக் கேட்டார். 1923 நவம்பரில் பிரான்சின் லியோன் டெலோய், ஏறத்தாழ 100 மீற்றர் அலையில் அமெரிக்கருடன் இருவழித் தொடர்பு கொண்டார். 1924 ஒக்டோபர் 18 இல் இலண்டன் மில் ஹில் பாடசாலையின் 18 வயது மாணவன் சிசில் கொய்டர், நியூசிலாந்தின் பிராங் பெல்லுடன் உரையாடினான். இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 12,000 மைல். அம்மாணவனே பிற்காலத்தில் அகில இந்திய வானொலியின் பிரதம பொறியியலாளராய் விளங்கினான்.

சிற்றலை நிலத்தையொட்டி நெடுந்தூரம் செல்லாதென்பது உண்மையே. ஆனால் வளிமண்டலத்தின் மேற்பகுதியிலுள்ள மின்னேற்றப் படையிற் பட்டு அது மீண்டும் புவிக்குத் திரும்புகின்றது. அத்தகைய படையொன்றைக் கெனலியும் ஹெவிசைட்டும் 1902 இலேயே கருதுகோளாகக் கூறியிருந்தனர்.

சிற்றலையின் பெறுமதி புலப்பட்டதும் அரசுகளும் நிறுவனங்களும் அதனை நாடின. பயனற்றதெனத் தமக்குத் தரப்பட்டதைப் பயனுள்ளதாக்கியவரே அதனை இழக்கும் நிலை எய்தினர். 1925 இல் பாரிசு நகரில் சர்வதேச ஒன்றியம் அமைத்த அமெச்சூர்கள், 1927 ஆம் ஆண்டு வாசிங்டன் மாநாட்டிலே தமக்கெனச் சில அலைவரிசைகளைப் பெற்றனர். கேட்டதிற் குறைவெனினும் உரிமை நிலைபெற்றது. இன்றும் இத்துறையிற் புகுவோர் பரீட்சையிற் சித்தியெய்தி, உரிமம் பெற்றே அவ்வலைகளைக் கையாளுகின்றனர். பிறர் ஒதுக்கியதையும் தாமே சோதித்தறிய முற்படும் மாணவர்க்கு இவ்வரலாறு ஊக்கமளிக்கும் என்பது திண்ணம்.